"ஆளே மாறிட்டே" என்றால் எது மாறிவிட்டது?

கேட்டவருக்கு முப்பத்திரண்டு வயது. கல்லூரிக் காலத்தில் தான் எழுதிய கடிதங்களைச் சமீபத்தில் எடுத்துப் படித்திருக்கிறார், யாரோ எழுதியதைப் படிப்பது போல இருந்திருக்கிறது. பழைய நண்பர்களும் "நீ ஆளே மாறிட்டே" என்கிறார்களாம். அதனால் கேட்கிறார்: ஒருவரை அவராக ஆக்குவது எது? பிறவிக் குணமா, வளர்ப்பா, நினைவுகளா? அந்தப் பழைய ஆள்தான் உண்மையான நான் என்றால் அவரைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

பல வருடங்களாக உளவியல் கற்பித்துவருகிறேன். இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு வடிவத்தில் ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள், பெரும்பாலும் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, கதவருகே நின்றுகொண்டு. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன், கொஞ்சம் நீளமாக. என் பதில் இது: நாம் யார் என்பதில் நினைவுக்கு ரொம்பப் பெரிய இடம் கொடுத்துவிட்டோம், அடுத்தவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் விதத்துக்குக் கொடுக்கவேண்டிய இடத்தைக் கொடுக்கவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அன்றைக்கு இருந்தவரும் இன்றைக்கு இருப்பவரும் ஒரே ஆளா என்பது ஒன்று, எப்படிப்பட்ட ஆள் என்பது இன்னொன்று. கல்லூரியில் வாங்கிய கடனை இன்று நீங்கள்தான் அடைக்க வேண்டும், "அது வேற ஆள்" என்று சொல்லிக் கைகழுவ முடியாது. ஆக ஒரே ஆள்தான். உங்களை உறுத்துவது இரண்டாவது கேள்வி. ஆனால் இரண்டும் பல காலமாக ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் முதல் கேள்வியிலிருந்தே வரவேண்டியிருக்கிறது.

ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1694-ல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் இதற்கென்றே ஓர் அத்தியாயத்தைப் புதிதாகச் சேர்த்தார். உடல் ஒன்றாக இருப்பது போதாது, ஆன்மா ஒன்றாக இருப்பதும் போதாது, முன்பு செய்ததை "நான் செய்தது" என்று உள்ளுக்குள் எவ்வளவு தூரம் உணர முடிகிறதோ அவ்வளவு தூரத்துக்குத்தான் ஒருவர் அதே ஆள் என்றார். ஓர் இளவரசனின் நினைவுகள் அத்தனையும் செருப்புத் தைப்பவர் ஒருவரின் உடலுக்குள் போய்விட்டால் அங்கே இருப்பது இளவரசன்தான், இது அவர் கொடுத்த உதாரணம். கேட்டவுடன் சரி என்றுதான் தோன்றும். தாமஸ் ரீட் என்ற இன்னொரு தத்துவவாதி 1785-ல் இதில் உள்ள ஓட்டையைக் காட்டினார். பழத்தோட்டத்தில் திருடி அடிவாங்கிய சிறுவன் ஒருவன் பிற்பாடு இளம் அதிகாரியாகிப் போரில் எதிரியின் கொடியைப் பிடிக்கிறான், வயதான பிறகு தளபதியாகிறான். அதிகாரிக்கு அந்த அடி நினைவிருக்கிறது. தளபதிக்குக் கொடியைப் பிடித்தது நினைவிருக்கிறது, ஆனால் சிறுவயதில் வாங்கிய அடி சுத்தமாக மறந்துவிட்டது. லாக் சொல்வதன்படி பார்த்தால் சிறுவனும் அதிகாரியும் ஒரே ஆள், அதிகாரியும் தளபதியும் ஒரே ஆள், சிறுவனும் தளபதியும் மட்டும் வெவ்வேறு ஆட்கள்! கணக்கு உதைக்கிறது.

ரீட் கற்பனையாகச் சொன்னதை மருத்துவம் பிற்காலத்தில் நேரிலேயே பார்த்தது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-ல், 27 வயதில், கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும் பங்கை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 2008-ல் இறக்கும் வரை புதிதாக நடந்த எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றே சொல்லலாம். பல பத்தாண்டுகள் தன்னை ஆராய்ந்த சூசன் கார்க்கின் யார் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவரோடு பழகியவர்கள் விவரிப்பதைப் படித்துப் பாருங்கள், எல்லோரும் ஒரே மனிதரைத்தான் விவரிக்கிறார்கள்: பொறுமைசாலி, இனிமையானவர், வேடிக்கையாகப் பேசுபவர், தன்னால் பிறருக்கு உதவி கிடைத்தால் சரி என்று சோதனைகளுக்கு முகம் சுளிக்காமல் ஒத்துழைத்தவர். நினைவு போயிற்று, ஆள் போகவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த இசைக்கலைஞர் கிளைவ் வியரிங் நிலை இன்னும் மோசம். 1985-ல் மூளையழற்சி வந்த பிறகு அவருடைய நினைவு சில விநாடிகளுக்கு மேல் தங்காமல் போயிற்று, இப்போதுதான் முதல்முறையாகக் கண்விழித்தேன் என்று நாட்குறிப்பில் எழுதுவார், அடுத்த வரியை எழுதும்போது முந்தைய வரியை அடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் பியானோ முன் உட்காரவைத்தால் வாசித்தார். மனைவி அறைக்குள் வரும்போதெல்லாம், அவர் சற்று முன்புதான் வெளியே போயிருந்தாலும், பல வருடம் கழித்துப் பார்ப்பது போலப் பாய்ந்து கட்டிக்கொண்டார்.

புத்தகத்தில் படித்ததை வைத்து மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. என் அத்தைக்கு மறதி நோய் வந்தது. கடைசி இரண்டு வருடம் என் பெயர் அவருக்குத் தெரியாது, நான் யார் பிள்ளை என்பதும் தெரியாது. நான் போய்க் கட்டிலருகே நின்றால் மெதுவாகச் சுவர்ப் பக்கம் நகர்ந்து படுத்துக்கொண்டு, காலியான இடத்தைக் கையால் தட்டுவார். உட்கார் என்று அர்த்தம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் யாரையும் நிற்கவைத்துப் பேசியதில்லை, யார் உள்ளே வந்தாலும் முதலில் நகர்ந்து இடம் கொடுப்பார், அப்புறம்தான் பேச்சு. பெயர்களும் முகங்களும் வருடங்களும் எல்லாம் போன பிறகும் அந்த நகர்தல் போகவில்லை. "அத்தை இப்ப அத்தையாவே இல்லை" என்று சொந்தத்தில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், இன்றைக்கும் வருகிறது.

என் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதைப் பிற்பாடு ஓர் ஆராய்ச்சியில் பார்த்தேன். நினா ஸ்ட்ரோமிங்கர், ஷான் நிக்கோல்ஸ் என்ற இருவர் 2015-ல் வெளியிட்டது. மூன்று விதமான நோயாளிகளின் குடும்பத்தாரிடம் "இவர் இன்னும் உங்களுக்குத் தெரிந்த அதே ஆளாக இருக்கிறாரா" என்கிற மாதிரிக் கேள்விகளைக் கேட்டார்கள். ஒரு பிரிவினருக்கு அல்சைமர், முக்கியமாக நினைவைத் தின்னும் நோய். இன்னொரு பிரிவினருக்கு ஏ.எல்.எஸ்., உடலை முடக்கும் நோய். மூன்றாவது பிரிவினருக்கு மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை டிமென்ஷியா, அதாவது மூளையின் திறன் படிப்படியாகக் குறையும் நோய். இதில் நினைவு ஓரளவு தங்கியிருக்கும், இரக்கமும் நேர்மையும் அடுத்தவர் மீதான அக்கறையும்தான் முதலில் கழன்றுபோகும். "இவர் எங்களுக்குத் தெரிந்த ஆளே இல்லை" என்ற உணர்வு அதிகமாக இருந்தது இந்த மூன்றாவது பிரிவின் குடும்பங்களில்தான். நினைவிழப்பு அந்த உணர்வை அவ்வளவாகத் தூண்டவில்லை, அறப் பண்புகள் மாறியதுதான் தூண்டியது.

இதை வைத்து நம் பேச்சையே கவனியுங்கள். முடி நரைத்து உடம்பு பெருத்தவரைப் பார்த்து "அடையாளமே தெரியலையே" என்கிறோம், சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அன்பாக இருந்தவர் கடுகடுப்பாகிவிட்டால், கொடுத்து வாழ்ந்தவர் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால், "ஆளே மாறிட்டான்" என்று குரல் தாழ்த்திச் சொல்கிறோம். தமிழ் இலக்கணத்தில் "நான்" என்பதற்குத் தன்மை என்று பெயர், அதே சொல்லுக்குக் குணம் என்றும் பொருள். இலக்கணக்காரர்கள் உளவியல் ஆராய்ச்சி செய்து அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் அந்த ஒற்றுமை எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் ஃபினியஸ் கேஜைக் கொண்டுவருவார்கள். 1848-ல் ரயில் பாதை வேலையில் வெடிமருந்து வெடித்து ஒரு மீட்டருக்கும் அதிக நீளமான இரும்புக் கம்பி அவருடைய கன்னம் வழியாகப் புகுந்து மண்டை வழியாக வெளியே வந்தது, பிழைத்துக்கொண்டார், ஆனால் நல்லவர் முரடராகிவிட்டார், அவர் இனி கேஜே இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள், என்று கதை போகும். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அதே கேஜ் பின்னால் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார். பயணிகள், நேரக் கட்டுப்பாடு, மோசமான பாதை என்று எல்லாவற்றையும் சமாளிக்கவேண்டிய வேலை அது. முழுக்கச் சிதைந்துபோன ஒருவரால் அதைச் செய்திருக்க முடியாது. அடிபட்ட மூளையும் ஓர் ஒழுங்கான வாழ்க்கைக்குள் வைக்கப்பட்டால் ஓரளவு மீள்கிறது என்ற இரண்டாம் பாதியைப் பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லவே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம்.

சரி, பிறவியா வளர்ப்பா என்று கேட்டீர்கள். சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் சண்டை அதிகம், விஷயம் குறைவு. இரட்டையர்களை வைத்து 50 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2015-ல் ஒரு பெரிய தொகுப்பு வந்தது, 1.4 கோடிக்கும் அதிகமான இரட்டையர் ஜோடிகள். எல்லாப் பண்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் சராசரியாக 49 சதவீதம் மரபணு சார்ந்தது என்று கணக்கு வந்தது. இதை "என்னில் பாதி ஜீன்" என்று படிக்கக் கூடாது. ஒரு கூட்டத்துக்குள் மனிதர்கள் ஏன் ஒருவரிலிருந்து ஒருவர் வேறுபடுகிறார்கள் என்பதற்கான கணக்கு இது, தனியொரு ஆளை இரண்டாக வெட்டிப் பார்க்கும் கணக்கு கிடையாது. சீக்கிரம் பயப்படும் சுபாவம் பிறப்பிலேயே வரலாம். அந்தப் பயத்தோடு நீங்கள் ஒளிந்துகொண்டீர்களா, முன்னெச்சரிக்கைக்காரர் என்று பெயர் வாங்கினீர்களா என்பது வேறு விஷயம்.

உடல் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். "இது என் கை" என்பதைப் போல உறுதியான விஷயம் வேறு இருக்க முடியாது என்று தோன்றும். 1998-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒருவரின் நிஜக் கையைத் திரைக்குப் பின்னால் மறைத்து, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். சிறிது நேரத்தில் ரப்பர் கையிலேயே தொடுவுணர்ச்சி இருப்பதாக, அது தன் கையாகவே இருப்பதாகப் பலருக்குத் தோன்றியது. கண்ணும் தோலும் ஒத்துப்போனால் மூளை கையெழுத்துப் போட்டுவிடுகிறது. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்பதே பிறந்து ஒன்றரை, இரண்டு வயது வாக்கில்தான் குழந்தைக்குப் புரிய ஆரம்பிக்கிறது. ஆக "நான்" என்பது மிக அடிப்படையான தளத்திலேயே கட்டப்படுகிற ஒன்று, தயாராகக் கிடைப்பதில்லை.

கட்டுவது யார்? பெருமளவுக்கு மற்றவர்கள். சார்லஸ் கூலி என்ற சமூகவியலாளர் 1902-ல் இதைக் கண்ணாடியோடு ஒப்பிட்டார்: அடுத்தவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன் என்று கற்பனை செய்கிறேன், அதை அவர் எப்படி மதிப்பிடுவார் என்று கற்பனை செய்கிறேன், அதிலிருந்து பெருமையோ வெட்கமோ எனக்குள் வருகிறது. கவனிக்கவேண்டிய சொல் கற்பனை. அவர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. "இவ கணக்குல மக்கு" என்று ஏழு வயதில் ஒருவர் போகிறபோக்கில் சொன்னதை நாற்பது வயதிலும் சுமக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், சொன்னவருக்கு அப்படிச் சொன்னதே நினைவிருக்காது. கூலிக்கு முன்பே 1890-ல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், தன்னை அறிந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை சமூக முகங்கள் ஒருவருக்கு உண்டு என்று எழுதினார். அம்மாவிடம் ஒருவர், மேலதிகாரியிடம் ஒருவர், சின்ன வயது நண்பனிடம் ஒருவர். இதைப் பாசாங்கு என்று நினைத்து வருந்துகிறவர்கள் உண்டு. வருந்த வேண்டாம். அந்த நண்பனோடு இருக்கும்போது மட்டும் வெளியே வரும் சிரிப்பு பொய்யானதா என்ன?

குழு என்பதும் இப்படித்தான் உள்ளே வருகிறது. ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் போலந்தில் பிறந்த யூதர், இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டார். போலந்து யூதர் என்று தெரிந்திருந்தால் பிழைத்திருப்பது கடினம், பிரெஞ்சுக்காரராகவே கருதப்பட்டதால் உயிர் தப்பினார். போர் முடிந்து திரும்பினால் குடும்பத்தில் கிட்டத்தட்ட யாருமே இல்லை. ஒரு முத்திரை உயிரை எடுக்கவும் காக்கவும் செய்யும் என்பதை அனுபவித்தவர் பிற்காலத்தில் பிரிட்டனில் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். அற்பமான ஒரு காரணத்தைச் சொல்லி, எந்த ஓவியரின் படங்கள் பிடித்தன என்பது போல ஏதோ ஒன்று, அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். உண்மையில் பிரித்தது குலுக்கல் முறையில்தான். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட எந்தச் சிறுவனுக்கும் தெரியாது, தனக்கு இதில் லாபமும் கிடையாது. இருந்தும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்கு அதிகம் கொடுத்தார்கள். அதைவிட என்னைத் தொந்தரவு செய்வது, இரு குழுவுக்கும் நிறையக் கிடைக்கும் வழியை விட்டுவிட்டு, தன் குழுவுக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க் குழுவைவிடக் கூடுதலாக இருக்கட்டும் என்ற பக்கம் அவர்கள் சாய்ந்தது. நம் மொழியில் "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. "நாங்கள்" என்று சொன்ன மறுகணமே எதிரில் இருப்பவர் வெளியே நிற்கிறார். நான் யார் என்ற கேள்விக்கு எந்த "நாங்கள்" என்ற பதிலை அவசரமாக எடுத்துக்கொள்வதில் இருக்கும் ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை எனக்குத் தெரியாது.

இனி, நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளும் கதை. உங்கள் கேள்விக்கு இதுதான் மிக நெருக்கமானது. வலிப்பைக் கட்டுப்படுத்துவதற்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை அறுத்துவிட்ட சில நோயாளிகளை ரோஜர் ஸ்பெர்ரியும் மைக்கேல் கஸ்ஸானிகாவும் ஆராய்ந்தார்கள், ஸ்பெர்ரிக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. கஸ்ஸானிகா பிற்பாடு செய்த ஒரு சோதனையில், ஒருவரின் பேசத் தெரிந்த இடது மூளைக்கு ஒரு கோழிக் கால் படத்தையும், பேச முடியாத வலது மூளைக்கு ஒரு பனிக்காட்சியையும் காட்டினார்கள். பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னபோது ஒரு கை கோழியை எடுத்தது, இன்னொரு கை மண்வாரியை எடுத்தது, பனியை அள்ளத்தானே மண்வாரி. ஏன் என்று கேட்டார்கள். இடது மூளைக்குப் பனியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கொஞ்சமும் தயங்காமல், கோழிக் கால் கோழிக்கு, கோழிக் கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே, என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் உண்மையாகவே தோன்றியது.

நமக்குள்ளும் அந்தக் கதைசொல்லி ஓயாமல் வேலை பார்க்கிறார். பழைய நினைவுகளைக்கூட அவர் விட்டுவைப்பதில்லை. 1995-ல் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் வணிக வளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றைக் குடும்பத்தார் சொன்னதாகச் சொன்னபோது ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அது முழுதாகவோ பாதியாகவோ "நினைவுக்கு" வந்தது. ஆகவே கடிதத்தில் இருக்கும் அந்தப் பழைய ஆளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். கடிதம் அன்றைய உங்களுடையது, அதைச் சுற்றி இன்று நீங்கள் கட்டும் கதை இன்றைய உங்களுடையது. "அப்போது கள்ளமில்லாமல் இருந்தேன், இப்போது கெட்டுவிட்டேன்" என்று ஒருவர் தொகுக்கும் அதே பத்து வருடத்தை இன்னொருவர் "அப்போது எதுவும் தெரியாது, அடிபட்டுக் கற்றுக்கொண்டேன்" என்று தொகுப்பார். டான் மெக்காடம்ஸ் என்ற உளவியலாளர் இந்த இரண்டு வகைக் கதைகளையும்தான் பல வருடங்கள் ஆராய்ந்தார். கெட்டதிலிருந்து நல்லது விளைந்ததாகத் தன் வாழ்க்கையைச் சொல்பவர்கள் பொதுவாக மனநலத்தோடு இருக்கிறார்கள் என்பது திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. அதற்காக நடந்த கொடுமைக்கெல்லாம் வலிந்து ஒரு நல்ல முடிவை ஒட்டவைக்க வேண்டும் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். சில இழப்புகளிலிருந்து எதுவும் விளைவதில்லை, அதை அப்படியே சொல்வதும் நேர்மையான கதைதான்.

மாற்றம் என்று பயப்படுகிறீர்கள் அல்லவா, எல்லோரும் மாறுகிறார்கள். 2013-ல் வந்த ஓர் ஆய்வில் 18 முதல் 68 வயது வரை 19,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினரிடம் போன பத்து வருடத்தில் எவ்வளவு மாறினீர்கள் என்றும், மற்றவர்களிடம் வரும் பத்து வருடத்தில் எவ்வளவு மாறுவீர்கள் என்றும் கேட்டார்கள். எந்த வயதினரும் முன்பு நிறைய மாறியதாகவும் இனி அவ்வளவு மாறப்போவதில்லை என்றும்தான் சொன்னார்கள். இப்போதுதான் முழு ஆளாகிவிட்டோம் என்று எல்லா வயதிலும் தோன்றுகிறது. நாற்பத்திரண்டு வயதில் நீங்கள் இந்தக் கேள்வியையே எடுத்துப் படித்து, யாரோ எழுதியது போல இருக்கிறதே என்று நினைக்கலாம்.

"அடையாள நெருக்கடி", அதாவது நான் யார் என்று தெரியாமல் தவிக்கும் நிலை, என்ற சொல்லைப் பரவலாக்கிய உளவியலாளர் எரிக் எரிக்சனையும் சொல்லியாக வேண்டும். 1902-ல் பிறந்தவர், பெற்ற தந்தை யார் என்று கடைசி வரை அவருக்குத் தெரியாது. வளர்ப்புத் தந்தையின் ஹோம்பர்கர் என்ற பெயரோடு வளர்ந்தார். பள்ளியில் யூதன் என்று கேலி செய்தார்கள், யூதர்களிடையே தோற்றத்தைப் பார்த்து வேற்றாள் என்று கேலி செய்தார்கள். அமெரிக்கக் குடிமகனானபோது எரிக்சன் என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டார், எரிக்கின் மகன் என்று பொருள். தான் யார் என்பதைத் தானே கட்டிக்கொள்வதும் நடக்கும் என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

கடைசியாக உங்கள் நண்பர்கள் விஷயம். அவர்கள் சொன்னதை மனதுக்குள் வைத்துப் புழுங்காமல் ஒருவரிடமாவது நேரில் கேளுங்கள்: என்னிடம் எது மாறியிருக்கிறது? பேசும் விஷயம், பார்க்கும் படம், நம்பும் கொள்கை என்று சொன்னால் விட்டுவிடுங்கள், அது வளர்ச்சிதான். "முன்னெல்லாம் எது சொன்னாலும் சரின்னு சொல்லுவே, இப்ப முடியாதுங்கிறே" என்றால் இன்னும் யோசியுங்கள், உங்கள் மாற்றத்தால் அவருக்கு ஏற்பட்ட அசௌகரியம்தான் அந்தப் புகாராக வருகிறதா என்று. ஆனால் "நான் அப்பாவைப் பறிகொடுத்தப்போ ராத்திரி முழுக்க என்கூட இருந்தவன் நீ, இப்ப நான் பேசும்போது போனைப் பார்த்துட்டே இருக்கே" என்று ஒருவர் சொன்னால் அங்கே நின்றுவிடுங்கள். நீங்கள் தேடுகிற பழைய ஆள் அவர் சொல்வதில்தான் இருக்கிறார், கடிதங்களில் இல்லை. அவரை முழுதாகத் திரும்பக் கொண்டுவர முடியாது, அவருக்கு இருந்த நேரமும் கவலையின்மையும் இன்று உங்களிடம் இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டு நண்பர் சொல்வதைக் கேட்பது மட்டும் முடியும், அன்று சாயங்காலமே முடியும்.